குதிக்கால்

மச்சாளின் காலுறையை நான் கழற்றியது தற்செயலாகத்தான். மார்கழிக் குளிர் என்று அவர் இருக்கும் முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் கம்பளிக் காலுறை போட்டுவிட்டிருந்தார்கள். யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பியவை, நல்ல துணி. கால் வறண்டிருக்கும், கொஞ்சம் எண்ணெய் பூசுவோம் என்று கழற்றினேன். வலது குதிக்காலில் ஐந்து ரூபாய்க் குற்றியளவுக்குத் தோல் கறுத்திருந்தது. தொட்டால் மெத்தென்றது, சுற்றிலும் சூடு.

"மச்சாள், இது நோகேல்லையோ?"

"நோகுதுதான். அந்தப் பிள்ளையள் ஓடித்திரியிறதைப் பாக்கச் சொல்ல மனம் வரேல்லை."

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க ஆசுபத்திரிகளில் தாதியாக வேலை செய்தவள் நான். அதற்கு முன் நாலு தடவை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நாலு தடவையும் தலை இழுத்து, திருநீறு பூசி, முன் மண்டபத்துக் கதிரையில் கொண்டுவந்து இருத்தினார்கள். நானும் முகத்தைப் பார்த்து, கதைத்து, கொண்டுபோன வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுப் பொன்னாலைப் பாலம் தாண்டிக் காரைநகருக்குத் திரும்பிவிட்டேன். அண்ணையின் பெண்சாதிக்கு நான் செய்த இந்தப் பிழை இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

படுக்கைப் புண்ணைப் பற்றிப் பாடப் புத்தகங்களில் தோல் சிவக்கும் என்று எழுதியிருக்கும். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது அது. எங்கள் தோலில் சிவப்புத் தெரியாது. அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கறுக்கும், அல்லது நீலம் பாரிக்கும். தொட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். சூடாகவோ கல்லுப்போலவோ மெத்தென்றோ இருந்தால், அழுத்தம் தாங்காமல் உள்ளே சதை கெடத் தொடங்கிவிட்டது. குதிக்கால், இடுப்பெலும்பு, முதுகடியில் வால் எலும்பு, இந்த மூன்று இடமும் முக்கியம். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிக்காலை அந்தரத்தில் விட வேண்டும். எழும்ப முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பகலில் புரட்டுவார்கள். இரவில் யார் புரட்டுவது?

அந்தக் கேள்வியைப் பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. இரவில் இருபத்துமூன்று பேருக்கு இரண்டு பெட்டைகள். அதில் ஒருத்திக்கு வேலை பழகி ஒரு மாதம். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பெட்டை இருபத்துமூன்று பேரில் பாதிப்பேரைப் புரட்டி, பம்பர்ஸ் மாற்றி, தண்ணீர் பருக்கி, மறதி நோய்க்காரர் எழும்பி நடந்தால் பின்னால் ஓடி, விடிய ஆறு மணிக்குத் தேத்தண்ணியும் ஊற்ற வேண்டுமென்றால் எங்கோ ஓர் இடத்தில் விடுபடத்தான் செய்யும். விடுபட்டது மச்சாளின் குதிக்கால்.

ஆகவே, ஓர் இல்லத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இரவில் எத்தனை பேர் கடமையில் நிற்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். தீப்பிடித்தால் நடக்க மாட்டாதவர்களை எந்த வாசலால் யார் தூக்குவார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லீல்-வெர்ட் என்று ஒரு சின்ன ஊர். 2014 ஜனவரி 23ஆம் திகதி நடுச்சாமம் தாண்டி அங்கே ஒரு முதியோர் இல்லம் எரிந்து 32 பேர் இறந்தார்கள். பலருக்கு வோக்கர் இல்லாமல் நடக்க முடியாது. இரவுக் கடமையில் போதிய ஆட்கள் இல்லை. பிந்திக் கட்டிய பகுதியில் நெருப்புக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் இருந்தன, அது தப்பியது. பழைய பகுதியில் இல்லை. அதன் பிறகே அந்தக் குழாய்களைப் பழைய இல்லங்களுக்கும் கட்டாயமாக்க மாகாணம் முடிவெடுத்தது.

இதை வாசித்தபோது எனக்கு 1991 நினைவுக்கு வந்தது. போரில் ஊர் இடம்பெயர்ந்தபோது எங்கள் பெரியம்மாவைச் சாய்மனைக் கதிரையோடு நாலு ஆம்பிளைகள் தூக்கினார்கள். பட்டப்பகல், பலசாலிகள் நாலு பேர், அப்படியும் நூறு யாருக்கு ஒருக்கால் இறக்கி இளைப்பாறித்தான் போனார்கள். நடக்க மாட்டாத ஒரு மனிசரின் பாரம் எவ்வளவு என்று எங்கள் ஊரில் என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். இருபத்துமூன்று பேருக்கு இரண்டு பெட்டைகள் என்றதும் எனக்கு அந்தக் கதிரைதான் கண்ணில் வந்து நின்றது.

இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்றே வந்தது. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்று கைவிடக் கூடாது என்கிறது. முதியோருக்குச் சேவை செய்யும் நிறுவனங்களைப் பதியச் சொல்கிறது. முதியோர் உரிமைகளுக்கென்று உத்தியோகத்தர்களும் பிரதேச செயலகங்களில் இருக்கிறார்கள். முறைப்பாடு இருந்தால் அங்கே தயங்காமல் போங்கள். ஆனால் பதிவுச் சான்றிதழைச் சுவரில் பார்த்ததோடு திருப்திப்படாதீர்கள். பரிசோதிக்க வருகிறவர் பகலில் வருவார், கட்டிலை எண்ணுவார், குசினியைப் பார்ப்பார். காலுறையைக் கழற்ற மாட்டார்.

வசதியான நாடுகளிலும் இதுதான் நடந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் முதியோர் இல்லங்களுக்குச் சட்டமும் பரிசோதகர்களும் இருந்தும், முன்கூட்டிச் சொல்லாமல் போய் முழுமையாகப் பார்க்கும் பரிசோதனை கொரோனாவுக்கு முந்திய காலத்தில் பெரிதும் குறைந்திருந்தது. 2020 வசந்தத்தில் உதவிக்கு இராணுவத்தை அனுப்பினார்கள். ஐந்து இல்லங்களில் கண்டதை இராணுவம் எழுதிக் கொடுத்தது: கரப்பான்பூச்சி, வாரக்கணக்கில் குளிப்பாட்டாத உடம்புகள், கூப்பிட்டும் ஆள் வராத கட்டில்கள். அந்த ஐந்தில் ஒன்று எங்கள் ஆட்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவில். இங்கிலாந்தில் ஒவ்வொரு இல்லத்துக்கும் பரிசோதகர் நாலு தரத்தில் ஒன்றைக் கொடுப்பார்கள். கிடைத்த தரத்தை ஆட்கள் பார்க்கும்படி இல்லம் ஒட்டியே ஆக வேண்டும். நல்ல வழக்கம், இங்கேயும் வர வேண்டும். வரும்வரைக்கும் உறவுக்காரர்தான் பரிசோதகர்.

முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். பின்னேரம் ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். மண்டபத்தில் இருக்காமல் கட்டிலடிக்குப் போங்கள். கக்கூசுக்குள் போய் நிலம் ஈரமா, பிடித்து எழும்பக் கம்பி இருக்கிறதா, அந்தக் கம்பி ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? தண்ணீரைப் பற்றிக் காரைநகராருக்கு நான் சொல்லத் தேவையில்லை. சவர்த் தண்ணிக் கிணறும், பவுசர் பார்த்து நிற்பதும், நல்ல தண்ணியை அளந்து குடிப்பதும் எங்கள் கையில் ஊறிப்போன பழக்கம். வயது போகப் போகத் தாகம் தெரிவதும் குறையும். அதோடு, இரவில் எழும்ப வேண்டி வருமே, யாரையாவது கூப்பிட வேண்டுமே என்று பயந்து கிழடுகள் வேண்டுமென்றே குடிக்காமல் விடுவார்கள். மூத்திரம் சாயத்தண்ணி நிறத்துக்கு வரும், கிருமி தொற்றும், ஒரே நாளில் ஆள் மாறாட்டமாகக் கதைக்கத் தொடங்குவார். "வயது போட்டுது, அறளை பேந்திட்டுது" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அப்படி வந்த எத்தனையோ பேர் வார்ட்டில் சேலைனும் மருந்தும் ஏறி மூன்றாம் நாள் தெளிவாக என் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை. இல்லத்துக்காவது ஒரு பதிவு, ஒரு கொப்பி, கேட்க ஓர் ஆள் உண்டு. வலந்தலையிலிருந்து கசூரினாப் பக்கம் போகிற வழியில் பெரிய கேற் போட்ட வீடுகளைப் பாருங்கள். மாபிள் பதித்த விறாந்தை, பூட்டிய அறைகள், பின்னறையில் ஒரு அம்மா, பார்க்கச் சம்பளத்துக்கு ஒருத்தி. மகன் லண்டனிலிருந்து கமரா பூட்டியிருக்கிறார், அது கேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பின்னறையும் ஒரு முதியோர் இல்லம்தான். அங்கே எந்த உத்தியோகத்தரும் படிவத்தோடு வரப்போவதில்லை. அயலட்டைக்காரர் நாங்கள் போக வேண்டும். நான் போனால் கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கி, மருந்தை எண்ணிப் பார்ப்பேன். ஒரு மாதத்துக்கென்று கொடுத்த பிறசர் குளிசை இருபதாம் நாள் இருபது மிஞ்சியிருந்தால், ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே விஷயம் விளங்கும். பார்க்கிற பெண்ணைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அம்மாவோடு தனியே பத்து நிமிஷம் இருந்து கதைப்பேன். அந்தப் பெண்ணோடும் தனியாகக் கதைப்பேன். அவளும் சில இடங்களில் மாதக்கணக்காக ஒரு இரவு முழுதாகத் தூங்காதவள்.

மச்சாளுக்குச் சீனி வருத்தம். புண் ஆற நாலு மாதம் பிடித்தது. இல்லத்தை மாற்றவில்லை. பொறுப்பாளரும் நானும் இருந்து, யாரை எத்தனை மணிக்குப் புரட்டினது என்று எழுதக் கட்டிலுக்கு ஒரு கொப்பி வைத்தோம். வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து இரவுக்கு மூன்றாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். காலுறை வாங்குகிற காசைவிடக் கொஞ்சம் கூட.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனதும் ஸ்காபரோவிலிருந்து மருமகன் வீடியோவில் வருவான். முந்தி "அம்மா சுகமோ, சாப்பிட்டாச்சோ" என்று இரண்டு நிமிஷத்தில் முடியும். இப்போது, "மாமி, குதிக்காலைக் காட்டுங்கோ" என்கிறான். போனைக் கீழே கொண்டுபோய் இரண்டு காலையும் காட்டுவேன். புதுத் தோல் வெளிறி, மெல்லியதாகக் கிடக்கிறது. அவன் பார்த்து முடிந்ததும் மச்சாள் போனுக்குக் கை நீட்டுவார்.

"இப்ப உன்ரை முகத்தைக் கிட்டக் கொண்டு வா, மோனை."