வரைபடத்தில் யார் இருக்கிறார்கள்?
கோலாலம்பூர் எம்ஆர்டி 3 பாதை வரைபடத்தை 2024 செப்டம்பரிலிருந்து மூன்று மாதம் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். வெறும் சடங்கு என்று ஒதுக்க மாட்டேன். 2011இல் முதல் எம்ஆர்டி பாதைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து ஜாலான் சுல்தான் கடைக்காரர்கள் கொடி பிடித்ததால்தான் பேச்சுவார்த்தை நடந்தது. பழைய கடைகள் பல இன்னும் நிற்கின்றன.

பேராக்கின் ஈப்போவுக்கு மெட்ரோ கிடையாது. 2010இல் இடிஎஸ் ரயில் வந்ததோடு சரி. ஆனால் பேராக் தோட்டத்துக்காரனுக்கு உறுத்துவது வேறு. ஜாலான் சுல்தான் கடைக்காரர் கையில் நில கிராண்ட் இருந்தது. கித்தா தோட்டங்கள் கைமாறியபோது, தலைமுறையாக லயத்தில் இருந்தவர்களிடம் யார் வரைபடத்தை விரித்தார்கள்? கிராணி நீட்டிய நோட்டீஸ்தான் வந்தது. வாசல் முருங்கை, கோழிக்கூடு, முனியாண்டி மேடை எதுவும் கணக்கில் ஏறவில்லை (முனியாண்டியிடம் ஏது கிராண்ட்!).

அடுத்த பாதை போடுகிறவர்கள் நில உரிமையாளரோடு நிற்காமல், வாடகைக்கு இருப்பவரையும் ஒட்டுக்கடைக்காரரையும் வீட்டுக்கே போய்க் கேட்கட்டும். அதுவும் வேலை முடிந்து வரும் நேரத்தில்.