காகிதத்தில் 28... நெல்லை ரோட்டில் எவ்வளவு? தாமிரபரணிக் கரையில் ஒரு மைலேஜ் பயணம்!

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு டீசல் காரை நிறுத்திப் பாருங்கள். கார் என்ன கலர், எந்த வருஷ மாடல் என்பதெல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி, "அண்ணாச்சி, லிட்டருக்கு எவ்ளோ குடுக்கு?" என்றுதான் வரும். நெல்லை மட்டுமல்ல, இந்தியா முழுக்க இதே கதைதான். அதனால்தான் "கித்னா தேத்தி ஹை?" என்ற ஒரே கேள்வியை வைத்து மாருதி ஒரு விளம்பரமே எடுத்தது.

இந்தக் கேள்விக்கு எப்போதும் இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, கம்பெனி சொல்லும் பதில். இன்னொன்று, பெட்ரோல் பங்க் பில் சொல்லும் பதில். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், ஏன் அந்தத் தூரம்? இதைப் புரிந்துகொள்ள தாமிரபரணிப் பள்ளத்தாக்கைவிட நல்ல இடம் கிடையாது. நெரிசலான டவுன், ஆற்றங்கரைச் சாலை, மலை ஏற்றம், காற்று வீசும் நான்குவழிச் சாலை என எல்லாமே ஒரே நாளில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. வாங்க, ஒரு ரவுண்டு போகலாம்!

அந்த 28.4 எங்கிருந்து வந்தது?

கிளம்பும் முன் கொஞ்சம் புனே பக்கம் போய்விட்டு வந்துவிடலாம். காருக்கு மைலேஜ் சான்று தரும் அமைப்புகளில் முக்கியமானது, புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. இந்த மைலேஜ் சோதனை ரோட்டில் நடப்பதில்லை. கூடத்துக்குள் சுழலும் உருளைகள் மேல் காரின் சக்கரங்களை வைத்து, நின்ற இடத்திலேயே ஓட்டுவார்கள். மொத்தம் 1,180 விநாடிகள், அதாவது 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓடும் தூரம் சுமார் பத்தரை கிலோமீட்டர். முதல் 780 விநாடிகளில் வேகம் 50 கி.மீ-யைத் தாண்டாது. கடைசிப் பகுதியில் அதிகபட்சம் 90 கி.மீ. ஏ.சி. ஓடாது. எதிர்க்காற்று, மேடு பள்ளம், குறுக்கே வரும் மாடு எதுவும் கிடையாது.

மாருதி ஸ்விஃப்ட் டீசலையே எடுத்துக்கொள்வோம். 2011 மாடலுக்கு அதிகாரபூர்வ மைலேஜ் 22.9. 2014-ல் அது 25.2 ஆனது. 2018-ல் வந்த மாடலுக்கு 28.4! இத்தனைக்கும் மூன்றிலும் இருந்தது 1,248 சி.சி. எஞ்சின்தான். ஃபியட் உருவாக்கிய இந்த எஞ்சினை மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனிகளும் பயன்படுத்தியதால், 'இந்தியாவின் தேசிய எஞ்சின்' என்றே அதற்குப் பட்டப்பெயர் உண்டு. காரின் எடை குறைந்தது, ட்யூனிங் மாறியது என்று மைலேஜ் ஏறியதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால், ஏழே வருடங்களில் காகிதத்தில் ஏறிய இந்த 24 சதவிகிதமும் அப்படியே நம் டேங்க்கிலும் தெரிந்ததா என்பதுதான் கேள்வி.

முதல் ரவுண்டு: டவுன் டு பாளையங்கோட்டை

இப்போது நெல்லைக்கு வருவோம். மாலை 6 மணி, நெல்லையப்பர் கோயில் ரதவீதிகள். இருட்டுக்கடை அல்வாவுக்குக் கூட்டம் சேரும் நேரம். கார் முதல் கியரைவிட்டு இரண்டாவதுக்குப் போவதே பெரிய விஷயம். அங்கிருந்து ஊர்ந்து ஈரடுக்கு மேம்பாலம் வந்து, சுலோச்சனா முதலியார் பாலத்தில் ஏறுகிறோம். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் பிரித்த தாமிரபரணியைக் கடக்க, தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தவர் சுலோச்சனா முதலியார். 1843-ல் திறக்கப்பட்ட பாலம் இது. மாட்டு வண்டிக் காலத்துப் பாதையில் இன்று பஸ், ஆட்டோ, கார் என்று எல்லாம் வரிசை கட்டுகின்றன.

மைலேஜைத் தின்பது இந்த நிற்பதும் நகர்வதும்தான். எஞ்சின் ஓடிக்கொண்டே கார் நிற்கும் நிமிடங்களில் மைலேஜ் பூஜ்யம். ஒரு டன் எடையை நின்ற இடத்திலிருந்து கிளப்பத்தான் டீசல் அதிகம் செலவாகும். கிளப்பிய வேகத்தை, அடுத்த பத்தாவது அடியில் பிரேக் மிதித்துச் சூடாக வீணாக்குகிறோம். போதாததற்கு, நெல்லை வெயிலில் ஏ.சி. இல்லாமல் உட்கார முடியாது. அந்த கம்ப்ரசரைச் சுற்றுவதும் அதே டீசல்தான்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. டவுனில் நாம் போகும் தூரம் குறைவு. எஞ்சின் சரியான சூட்டுக்கு வருவதற்குள் வீடு வந்துவிடும். குளிர்ந்த எஞ்சின் கூடுதலாக டீசல் குடிக்கும். 1.3 லிட்டர் ஸ்விஃப்ட், டிசைர் வைத்திருப்பவர்கள் டவுன் ஓட்டத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, லிட்டருக்கு 15 முதல் 18 கி.மீ. காகிதத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர் இங்கேயே காணாமல் போய்விடுகிறது.

இரண்டாவது ரவுண்டு: ஆற்றோடு மேற்கே

அடுத்து, பாபநாசம் சாலை. மேலப்பாளையம் தாண்டி முன்னீர்பள்ளம், பாய்க்குப் பெயர்போன பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அப்பளத்துக்குப் பெயர்போன கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று சுமார் 50 கி.மீ. இரண்டு பக்கமும் வயலும் வாழையுமாகப் பச்சை. எதிரே, போகப் போகப் பெரிதாகும் பொதிகை மலை.

நான்குவழிச் சாலையின் வேகம் இங்கே சாத்தியமில்லை. ஊருக்கு ஊர் வேகத்தடை, அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே காயும் நெல், முன்னால் ஒரு டிராக்டர். ஆனால், ஊருக்கும் ஊருக்கும் நடுவே 55, 60 கி.மீ. வேகத்தில் நான்காவது, ஐந்தாவது கியரில் சீராகப் போகலாம். சிறிய டீசல் எஞ்சினுக்கு இதுதான் பிடித்த வேகம். குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை கிடைப்பதால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டிய தேவையே குறைவு. கம்பெனி சொல்லும் கணக்கை ஓரளவாவது நெருங்க வேண்டுமென்றால், இப்படிப்பட்ட சாலையில்தான் முடியும்.

பாபநாசத்தில் வனத்துறை செக்போஸ்ட் தாண்டி காரையார் பக்கம் ஏறினால், கதை மாறும். இரண்டாவது, மூன்றாவது கியரில் காரின் மொத்த எடையையும் மேலே தூக்க வேண்டும். டேஷ்போர்டில் ஓடும் மைலேஜ் எண் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினால் பதற வேண்டாம். திரும்பி வரும்போது கணிசமான பகுதி திரும்பக் கிடைக்கும். கார் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய டீசல் எஞ்சின்கள் டீசல் போவதையே நிறுத்திவிடும். 'நியூட்ரலில் உருட்டினால் மிச்சம்' என்பது பழைய நம்பிக்கை. நியூட்ரலில் எஞ்சின் ஓடுவதற்கே டீசல் தேவை. மலை இறக்கத்தில் அது ஆபத்தும்கூட.

ஆற்றோடு கிழக்கே போனால், நவதிருப்பதி. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று தாமிரபரணிக் கரையில் ஒன்பது பெருமாள் கோயில்கள். சமவெளிதான், ஏற்றமே இல்லை. ஆனாலும் மைலேஜ் குறையும். ஐந்து பேர், டிக்கி நிறையப் பை, ஒன்பது முறை நிறுத்திக் கிளப்புவது, தாத்தா பாட்டிக்காக நின்ற காரிலும் ஏ.சி. ஓடுவது... இந்தக் கணக்கெல்லாம் புனே சோதனையில் கிடையாது.

மூன்றாவது ரவுண்டு: ஆடிக் காற்றை எதிர்த்து

கடைசி ரவுண்டு, ஆற்றைவிட்டு விலகி நாகர்கோவில் நோக்கி. நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என நேரான நான்குவழிச் சாலை. சிக்னல் இல்லை, நெரிசல் இல்லை. மைலேஜ் அள்ளும் என்று தோன்றும். ஆனால், சாலை நன்றாக இருந்தால் நம் கால் சும்மா இருக்காதே!

காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80-ல் போனவர் 100-ல் போனால், காற்று தடுக்கும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். இதற்கு மேல் காவல்கிணறு தாண்டி மேற்கே முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் திரும்பும்போது இன்னொரு ஆள் குறுக்கே நிற்கிறார். தென்மேற்குப் பருவக் காற்று! மலைகளுக்கு நடுவிலுள்ள கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் இந்தக் காற்றை நம்பித்தான் இங்கே காற்றாலைகள் காடு போல நிற்கின்றன.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மைலேஜும் பறக்கும். 80 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிர்க்காற்று 30 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காருக்கு அது 110 கி.மீ. வேகக் காற்று. எதிர்ப்பு விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே சாலையில் நெல்லைக்குத் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். ஒரே கார், ஒரே டிரைவர், ஒரே நாள். ஆனால் போகும்போது ஒரு மைலேஜ், வரும்போது இன்னொரு மைலேஜ். நான்குவழிச் சாலையில் நிதானமாக ஓட்டுபவர்கள் பொதுவாகச் சொல்வது 20 முதல் 23.

ஏமாற்றா, அளவுகோலா?

'அப்படியானால் கம்பெனிகள் பொய் சொல்கின்றனவா?' என்று கேட்கலாம். நேரடிப் பொய் என்று சொல்ல முடியாது. எல்லாக் காரையும் ஒரே மாதிரி ஓட்டினால்தான் எது சிக்கனம் என்று ஒப்பிட முடியும். அதற்கான அளவுகோல் அது. நம் வீட்டு டீசல் செலவைச் சொல்லும் ஜோசியம் அல்ல.

ஆனால், அளவுகோலுக்கு ஏற்றபடி காரை ட்யூன் செய்யவும் முடியும். ஐரோப்பாவில் இதை ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு அமைப்பு தொடர்ந்து கணக்கெடுத்தது. அதிகாரபூர்வ அளவைவிட நிஜத்தில் ஆன எரிபொருள், 2001-ல் சுமார் 9 சதவிகிதம்தான் கூடுதல். 2015-ல் அந்த இடைவெளி 42 சதவிகிதம்! அதன் பிறகு, 2017-லிருந்து அங்கே இன்னும் கடுமையான புதிய சோதனை முறை வந்தது. அது ஐரோப்பியக் கணக்குதான். என்றாலும் அந்த 42 சதவிகிதத்தை ஸ்விஃப்ட்டின் 28.4-க்குப் போட்டுப் பாருங்கள். விடை, சரியாக 20. நம் ஊர் உரிமையாளர்கள் சொல்லும் எண்ணும் அதை ஒட்டித்தானே இருக்கிறது!

அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கம்பெனிகள் தங்கள் மைலேஜ் எண் கூடுதலாகப் போடப்பட்டிருப்பதை 2012-ல் ஒப்புக்கொண்டு, கார் வாங்கியவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தன. அங்கே சோதனையில் ஏ.சி. ஓட்டமும், அதிவேக ஓட்டமும் சேர்ந்தே கணக்கிடப்படுகின்றன.

பாக்கெட்டில் எவ்வளவு இடிக்கும்?

டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கி.மீ. ஓட்டும் குடும்பத்துக்கு, 28.4-க்குப் பதில் 20 கிடைத்தால், வருடத்துக்கு ஏறக்குறைய 16,300 ரூபாய் கூடுதல் செலவு. டாக்ஸி ஓட்டுபவர் மாதம் 5,000 கி.மீ. போகிறார் என்றால், அவருக்கு மாதமே சுமார் 6,800 ரூபாய் போகும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை பேசுகிறவர் காகித மைலேஜை நம்பிப் பேசினால், அந்தப் பணம் அவருடைய வீட்டுச் செலவிலிருந்துதான் போகும்.

இன்று இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். ஒருகாலத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. இப்போது நம் ஊரில் வித்தியாசம் பத்து ரூபாய்க்குள்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதனால், இன்று சிறிய டீசல் கார் வாங்குபவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டைத்தான். அங்கே 'அண்ணே, 25 கொடுக்கும்' என்ற வாய்வார்த்தைதான் சான்றிதழ்!

உங்கள் மைலேஜை நீங்களே கண்டுபிடிக்க...

* எப்போதும் போடும் பங்க்கில், நாசில் தானாக நிற்கும்வரை ஃபுல் டேங்க் போடுங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்குங்கள்.

* குறைந்தது 300 கி.மீ. ஓட்டிய பிறகு, அதே பங்க்கில் அதேபோல் மறுபடி ஃபுல் டேங்க். ஓடிய கிலோமீட்டரை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால், அதுதான் உங்கள் மைலேஜ்.

* ஒருமுறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். டேஷ்போர்டு காட்டும் எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும்.

* டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். தேவையில்லாத சாமானை டிக்கியிலிருந்து இறக்கிவிடுங்கள். நான்குவழிச் சாலையில் 80-ஐ ஒட்டியே போங்கள்.

* பழைய டீசல் கார் வாங்கும் முன் உங்கள் ஓட்டம் எங்கே என்று பாருங்கள். டவுனுக்குள் மட்டும் தினம் ஐந்தாறு கிலோமீட்டர் என்றால், டீசலே தேவையில்லை. பி.எஸ்.6 டீசலாக இருந்தால், புகை வடிகட்டியில் சேரும் கரி எரிந்து சுத்தமாக அவ்வப்போது நீண்ட ஓட்டம் வேண்டும். தினம் அம்பாசமுத்திரம், தென்காசி என்று போய்வருபவருக்கு டீசல் இன்றும் கைகொடுக்கும்.

கார் வாங்கப் போகும்போது காகிதத்தில் இருக்கும் எண்ணில் முக்கால் பங்கை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள். டவுன் ஓட்டம் அதிகம் என்றால் அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தால், அந்தக் காசுக்குத் திரும்பும் வழியில் கால் கிலோ அல்வா வாங்கிக்கொள்ளலாம்.