கதிர்வீச்சிலும் பாடு முறை வேண்டும்

இந்த வாரம் எங்கள் கேத் லேபுக்கு, அதாவது இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை அறைக்கு, ஊழியர்களின் கதிர்வீச்சு அறிக்கை வந்தது. ஒருவர் வாங்கிய அளவு இன்னொருவருடையதைப் போலப் பல மடங்கு. ஆனாலும் எல்லாப் பெயருக்கும் நேரே ஒரே குறிப்பு: வரம்புக்குள். இங்கே பிரிட்டனின் 2017 கதிர்வீச்சு விதிமுறைகளைப் போல நுணுக்கமாக எழுதப்பட்டவை குறைவு. கண்வில்லைக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் உச்சவரம்பு. 15-ஐத் தாண்டக்கூடியவரை, அல்லது உடல் முழுவதற்கும் 6-ஐத் தாண்டக்கூடியவரைத் தனி வகையாகப் பதிந்து, மருத்துவக் கண்காணிப்பில் வைக்க வேண்டும். அவருடைய அளவுப் பதிவேட்டை அவருக்கு 75 வயது ஆகும்வரை, குறைந்தது 30 ஆண்டுகளாவது பாதுகாக்க வேண்டும். இடையில் அவர் இறந்துபோனாலும் பதிவேடு இருந்தாக வேண்டும். இவ்வளவு எழுதியவர்கள், ஒரே அறையில் வேலை செய்பவர்களுக்குள் அந்தச் சுமையை எப்படிப் பங்கிடுவது என்று மட்டும் எழுதவில்லை.

அதை நம் பழவேற்காட்டில் எழுதாமலே செய்துவிட்டார்கள். கோட்டைக்குப்பத்திலும் ஆண்டிக்குப்பத்திலும் நடுவூர் மாதா குப்பத்திலும், ஏரியில் இறால் விழும் நல்ல இடம் யாருக்கும் நிலையான சொத்தல்ல. சீட்டுப் போட்டு, தலைக்கட்டு வாரியாக முறை வைத்து வலை கட்டுகிறார்கள். இன்று முகத்துவாரத்தருகே கட்டியவர் நாளை வேறிடம் போவார். நல்ல இடம், மோசமான இடம் இரண்டும் எல்லோருக்கும் சுற்றி வரும். இதுதான் பாடு முறை. கேத் லேபிலும் இடம்தான் அளவைத் தீர்மானிக்கிறது. எக்ஸ்-கதிர் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறித்தான் நம்மேல் விழுகிறது. தூரம் இரட்டித்தால் அது நாலில் ஒன்றாகும். நாள்பட அடைத்துப்போன ரத்தக்குழாயைத் திறக்க மணிக்கணக்கில் டேபிளருகே நிற்பவரும், கண்ணாடிக்குப் பின்னால் கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே வேலையா செய்கிறார்கள்?

பங்கிட்டால் மொத்தக் கதிர்வீச்சு குறையாதே என்பார்கள். புற்றுநோய் அபாயத்தைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. கண்புரை வேறு விஷயம். வாழ்நாளில் சேரும் அளவு ஏறத்தாழ அரை கிரேயை (எக்ஸ்-கதிரில் 500 மில்லிசீவர்ட்) எட்டினால் கண்வில்லை மங்கத் தொடங்கலாம் என்று 2011-இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் (ஐ.சி.ஆர்.பி.) சொன்னது; கண்வில்லைக்கான ஆண்டு வரம்பு 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20-ஆக இறங்கியதும் அதனால்தான். ஆண்டுக்கு 20 வீதம் 25 ஆண்டுகள் வேலை செய்பவர், ஒரு நாள்கூட விதியை மீறாமல் அந்த அரை கிரேயைத் தொட்டுவிடுவார். அதே சுமையை நால்வர் பகிர்ந்தால், பணிக்காலம் முழுவதிலும் ஒருவர்கூடத் தொடமாட்டார். ஆகவே ‘வரம்புக்குள்’ என்பது போதவே போதாது.

நள்ளிரவில் மாரடைப்போடு வருபவருக்கு முன்னால் சீட்டுப் போட முடியுமா என்று கேட்கலாம். முடியாது, வேண்டியதுமில்லை. முன்கூட்டித் தேதி குறித்த நீண்ட சிகிச்சைகளுக்கு முறை வைத்தால் போதும். கடினமான கேஸ்களை ஒரே கைதான் பார்க்கும் என்று விட்டால், மற்றவர்கள் எப்போது பழகுவார்கள்? பாடு முறையில் குறையே இல்லையா என்றால், உண்டு. பட்டினவர் சாதியைச் சேராத மீனவர்களை அது வெளியே நிறுத்தியது. அந்தச் சண்டை ஏரியில் இன்னும் ஓயவில்லை. அதனால் இங்கே முறை வைக்கும்போது நர்ஸ்களும் தற்காலிக ஊழியர்களும் பட்டியலில் இருந்தாக வேண்டும். நம் ஊர் கேத் லேப்களிலும் இதே தேவைதான். அங்கே கதிர்வீச்சைப் பதியும் டி.எல்.டி. பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி அளக்கிறார்கள். ஈய ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சருகே குத்திய பேட்ஜ், கண் வாங்கியதைச் சொல்லாது. காலர் உயரத்தில், ஏப்ரனுக்கு வெளியே இன்னொரு பேட்ஜ் வேண்டும். அடுத்த மாத ரோஸ்டரை எழுதுபவர், அந்த இரண்டாவது பேட்ஜின் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.