நகைச்சுவையும் நல்குரவும்

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலிலே ‘நல்குரவு’ என ஓர் அதிகாரமும், அதனையடுத்து ‘இரவு’, ‘இரவச்சம்’ என ஈரதிகாரங்களும் வகுத்தார். வறுமைக்கு அஞ்சுதலும் கையேந்த அஞ்சுதலும் மானமுடையார்க்கு இயல்பே. வறியர் என அயலார் எண்ணிவிடுவரோ என்னும் அச்சம் வேறு. அதனை நன்கு நகையாடியது திரைப்படம் என்பது நம் கருத்து.

ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்திலே, தோட்ட முதலாளியாகிய டி. எஸ். பாலையா, தாம் வேலைநீக்கிய இளைஞனின் தந்தையாக வேடமிட்டு வந்தவனைப் பெருஞ்செல்வன் என நம்பிக் குழைகின்றார். இத்தாலியிலும் இதே வேடிக்கை உண்டு. தொத்தோ நடித்த ‘மிசேரியா எ நொபில்தா’ (1954) படத்திலே, பட்டினி கிடப்போர் பிரபுக்களாக வேடம் புனைந்து ஒரு புதுப்பணக்காரரை ஏய்க்கின்றனர். செல்வத்தின் உடையைச் செல்வமென மயங்குவோர் எங்குமுளர் போலும்!

கே. பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ (1967) மறுபுறத்தைக் காட்டுகின்றது. நடிகையொருத்தி அயலில் குடிவருகின்றாள். அவள்முன் செல்வராய்த் தோன்ற விழைந்த நடுத்தரக் குடும்பம் கடனில் ஆழ்கின்றது. அதன் தந்தையும் பாலையாவே. செல்வத்திற்குக் குழைந்தவரே ஈண்டு அதன் போலிக்கு வருந்துகின்றார்.

மகளுக்கு வீடு கொடுத்து மணஞ்செய்விப்பது நமது மட்டக்களப்புப் பகுதியின் நெடுநாள் வழக்கு. பெண்ணுக்கு உறைவிடத்தை உறுதிசெய்யும் நல்வழக்கு அது. ஆயின், வீட்டிற்கு மாடியும் மணவிழாவிற்கு மண்டபமும் ஊருக்காகவே வேண்டி, ஒரு தந்தை வயலை ஈடு வைக்கும்போது, நமக்குப் பாலையாவின் முகம் தோன்றுகின்றது, சிரிப்புத் தோன்றுவதில்லை.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே காருடையாரும் மோட்டார் சைக்கிளுடையாரும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றனர். ‘இல்லை’ என்று சொல்ல அன்று எவரும் நாணவில்லை. எல்லார்க்கும் இல்லாதபோது வாராத நாணம், நமக்கு மட்டும் இல்லாதபோது வருகின்றது. ஆகவே நம்மை வருத்துவது இன்மை மட்டுமன்று, ஒப்பீடுமாம்.

வகுப்பிலே தந்தையின் தொழிலைக் கேட்டால், “மீன்பிடி”, “கூலி” என்று தலைகுனிந்து சொல்லும் பிள்ளைகள் இன்றுமுளர். பழைய மாணவப் பெருமக்களே, உங்களுள் அத்தகைய இல்லங்களிலிருந்து உயர்ந்தோர் பலர். விழாமேடையில் உங்கள் பதவிகளைக் கூறுங்கால், உங்கள் தந்தையரின் தொழிலையும் தலைநிமிர்ந்து கூறுங்கள். கட்டடநிதியினும் அச்சொல் அப்பிள்ளைகளுக்குப் பெருங்கொடையாகும்.