அண்ணன் வீட்டு நீச்சல் குளம்

செங்கல்பட்டு பக்கம் கட்டிய புது வீட்டின் பின்புறத்தில் என் அண்ணன் ஒரு நீச்சல் குளம் கட்டியிருக்கிறார். 24 அடி நீளம், 12 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம். கேள்விப்பட்ட தோழர்கள் சிலர், "சேரியில் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள், உங்கள் வீட்டில் நீச்சல் குளமா?" என்றார்கள். நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. அந்தக் குளம் நிரம்பச் சுமார் 32,600 லிட்டர் வேண்டும். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நிர்ணயித்திருப்பது 55 லிட்டர். அப்படியானால் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஏறக்குறைய நான்கு மாதத் தண்ணீர் அது. பம்பும் வடிகட்டியும் குளோரினும் இருப்பதால் அதே தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். வெயிலில் ஆவியாவதை மட்டும் ஈடுகட்டினால் போதும். இருந்தாலும் முதல் நிரப்பு சின்னக் கணக்கில்லை. இதை அண்ணனிடமே சொன்னேன்.

அவர் வேறொரு கணக்கு வைத்திருந்தார். எங்கள் ஊரில் பையன்கள் நீச்சல் பழகுவது வயல்காட்டுக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிடுவார்கள். கிணறெல்லாம் ஊர்க்காரர்களுடையது. அந்தக் கிணற்றுச் சுவரைக் கட்டக் கல் சுமந்தவர் எங்கள் தாத்தா. பதினோரு வயதில் அண்ணன் ஒரு மத்தியானம் அதில் குதித்தார். கிணற்றுக்காரர் அவருடைய நிஜாரை எடுத்துக்கொண்டு, தீட்டுப்பட்ட தண்ணீர் என்று மோட்டார் போட்டு இறைத்தார். அண்ணன் தெரு வழியாக அம்மணமாக வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் நீச்சல் கற்கவேயில்லை. "என் பொண்ணு யாரையும் கேக்காம தண்ணியில இறங்கணும்மா, அவ்வளவுதான்" என்றார். அவர் உழைத்துச் சம்பாதித்த பணம், அவர் மனை. அந்த ஆசையைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் வராது.

ஆனால் அவர் மகளின் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்பதால் நம் பிரச்சினை தீர்ந்துவிடாது. இதைப் புரிந்துகொள்ள வரலாற்றுக்குப் போக வேண்டும்.

1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சி தீர்மானம் போட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, ஊர் விடவில்லை. அன்று இறங்கியவர்கள் அடிபட்டார்கள். அரசியலமைப்பின் 15(2) பிரிவில் கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே எழுதியிருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட போராட்டங்கள் இருக்கின்றன.

அந்தப் பிரிவை நிதானமாகப் படியுங்கள். அரசுப் பணத்தில் நடப்பவை, பொதுமக்கள் பயன்பாட்டுக்கென்று விடப்பட்டவை — அவற்றைத்தான் அது சொல்கிறது. வேலிக்குள் இருக்கும் தண்ணீர் அதில் வராது.

அந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா காட்டியது. அங்கே நகராட்சி நீச்சல் குளங்களில் கறுப்பின மக்களும் குளிக்கலாம் என்று நீதிமன்றங்கள் சொன்னதும், பல நகரங்களில் வெள்ளையர்கள் தனியார் கிளப்புகளுக்கும் வீட்டுப் பின்புறக் குளங்களுக்கும் ஒதுங்கினார்கள். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் சேர்ந்து குளிக்கவிடுவதைவிட மூடுவதே மேல் என்று தன் பொதுக் குளங்களை மூடியது. எல்லோருக்கும்தானே மூடினார்கள், இதில் பாகுபாடில்லை என்று 1971இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதை ஏற்றுக்கொண்டது. வீட்டில் குளம் இருந்தவர்களுக்கு நட்டமில்லை. இல்லாதவர்களின் பிள்ளைகளுக்குத்தான் தண்ணீர் போனது.

இங்கேயும் கேட்டட் கம்யூனிட்டிகளும் ரிசார்ட்டுகளும் ஆளுக்கொரு நீச்சல் குளம் கட்டுகின்றன. வசதியுள்ளவர்கள் பொதுத் தண்ணீரை விட்டுப் போகப்போக, அதைப் பராமரிக்கச் சொல்லும் குரலும் குறைகிறது. நாமும் வசதி வந்ததும் அதே வழியில் போனால், நாம் சண்டை போட்டு வாங்கிய பிரிவு காவல் காப்பதற்குப் பொதுக்குளமே மிஞ்சாது.

அதனால் அண்ணனிடம் குளத்தை மூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சேரிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தர ஒரு பயிற்சியாளரை வைக்கச் சொன்னேன், சம்மதித்தார். நல்ல காரியம்தான். ஆனாலும் அது அவருடைய மனசைப் பொறுத்தது, உரிமை ஆகாது.

உரிமைக்கு நாம் செய்ய வேண்டியது வேறு. சென்னை மெரினாவில் மாநகராட்சியே ஒரு நீச்சல் குளம் வைத்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அப்படி எத்தனை? கட்டணம் எவ்வளவு? ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்கள் எத்தனை பேர் அங்கே நீச்சல் கற்கிறார்கள்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும். பதில் வந்ததும் கிராம சபையில், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் வையுங்கள். ஊர்க் குளத்திலோ படித்துறையிலோ யாராவது தடுத்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம் என்பதையும் எழுத்தில் கொடுங்கள்.

நம் பிள்ளைகள் எல்லோரோடும் ஒரே தண்ணீரில் நீந்த வேண்டும். நாம் கேட்பது அதைத்தான்.