ஆகே பாலா ஹை

தென்காசிப் பக்கம் வளர்ந்தவனுக்குப் பனி என்றால் மார்கழிதான். விடியற்காலையில் கோலம் போடும் அம்மா தலையில் சுற்றியிருக்கும் துண்டு, கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, "பனியில நிக்காதல, சளி பிடிக்கும்" என்ற அதட்டல். அவ்வளவுதான் நமக்குப் பனி.

2012ல் வேலை மாற்றலாகி டேராடூன் வந்த பிறகுதான், நாம் ஒரே சொல்லில் முடித்துக்கொள்வதை இந்த ஊர்க்காரர்கள் நாலாகப் பிரித்து வைத்திருப்பது தெரிந்தது. புல் நுனியில் நிற்பது ஓஸ். ரோட்டை மறைப்பது கோஹ்ரா. மலையில் கொட்டுவது பர்ஃப். நாலாவது, பாலா. மூன்றைப் படித்துக்கொண்டேன். நாலாவதைப் படிக்காமல் மலை ஏறினேன். அந்தக் கதைதான் இது.

2019ல் குடியரசு தினம் சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் மூன்று நாள். அந்த வாரம் மலையெங்கும் நல்ல பனிப்பொழிவு என்று பேப்பரில் படம் படமாகப் போட்டிருந்தான். நான், மனைவி, பன்னிரண்டு வயசுப் பையன், மூன்று பேரும் துங்கநாத் கிளம்பினோம். பஞ்ச கேதாரத்தில் ஒன்று, ஏறக்குறைய 3,680 மீட்டர் உயரத்தில் இருக்கிற சிவன் கோயில். குளிர்காலத்தில் நடை சாத்தியிருக்கும் என்று தெரியும். ஆனால் தீபாவளிக்கு வந்திருந்த அம்மா ஒரு திருநீற்றுப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். "எனக்கு முட்டு ஒத்துழைக்காது. நீ போறப்ப வாசல்லயாவது வச்சிட்டு வா" என்று. போகிறேன் போகிறேன் என்று அலுவலகத்திலும் பத்து பேரிடம் சொல்லி வைத்திருந்தேன். இந்தப் பத்து பேர் பின்னால் வருவார்கள், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவப்பிரயாக், ருத்ரபிரயாக், ஊக்கிமட் வழியாக ஒரு பகல் முழுக்கப் பயணம். இரவு சாரி கிராமத்தில் தங்கினோம். மறுநாள் காலை வானம் துடைத்து வைத்தாற்போல நீலம். நாம நல்ல நாளாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறோம் என்று மனைவியிடம் பெருமையடித்தேன்.

அங்கேதான் முதல் தப்பு. நம்ம ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து மழை வருகிறது. இங்கே குளிர்கால மழையும் பனியும் மேற்கிலிருந்து, மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிளம்பி வரும் காற்றழுத்தத்தால் வருகிறது. அது இரண்டு நாள் கொட்டிவிட்டு நகர்ந்ததும் வானம் தெளிந்துவிடும். மேகம் என்ற போர்வை போய்விடுவதால், அந்தத் தெளிந்த இரவுகளில்தான் தரை வேகமாகச் சூடு இழக்கும். பகல் வெயிலில் உருகி ரோட்டின் குறுக்கே ஓடிய தண்ணீர் ராத்திரி கண்ணாடியாகிவிடும். கொட்டுகிற நாள் ஒரு ஆபத்து என்றால், கொட்டி முடிந்த அழகான காலை இன்னொரு ஆபத்து.

வண்டியில் முன் சீட்டில் இருந்த வழிகாட்டிப் பையன் ஒவ்வொரு வளைவிலும் டிரைவரிடம் "ஆகே பாலா ஹை" என்று சொல்லிக்கொண்டே வந்தான். முன்னால் பாலா இருக்கிறது. என் மகன் தூக்கம் கலைந்து, "அப்பா, முன்னாடி பால் கடை இருக்காம்ப்பா, நிறுத்தச் சொல்லுங்க" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். பாலா என்றால் உறைபனி என்று வழிகாட்டி விளக்கினான். வெயில் படும் வளைவு காய்ந்து கிடக்கும், அடுத்த வளைவு மரநிழலில் வழவழவென்று இருக்கும், கண்ணுக்குத் தெரியாது என்றான். சரி சரி என்று தலையாட்டினேன்.

சோப்தா வரை வண்டி போகவில்லை. பனியாகுண்ட் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தோம். ஷூவில் மாட்டும் இரும்புமுள் சங்கிலியை சாரியிலேயே வாடகைக்கு எடுத்திருந்தோம். இங்கே இரண்டாவது தப்பு. பையன் காலுக்கு அளவு கிடைக்கவில்லை. பெரியவர்கள் அளவில் ஒன்றை எடுத்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். வழிகாட்டி ஒரு தடவை குனிந்து பார்த்தான். "டீக் ஹை" என்று நானே சொல்லிக்கொண்டேன்.

காட்டுக்குள் நடை சுகமாகத்தான் இருந்தது. புராஞ்ச் மரங்களும் ஓக் மரங்களும் வெள்ளையைச் சுமந்து நின்றன. வெயில் ஏற ஏறக் கிளைகளிலிருந்து பனி பொத்து பொத்தென்று தலையில் விழுந்தது. பையனுக்கு ஒரே கும்மாளம். புதுப்பனியில் கால் கெண்டைக்கால் வரை புதையும், மூச்சு வாங்கும், ஆனால் வழுக்காது. பயப்பட வேண்டியது மற்றவர்கள் நடந்து நடந்து அமுக்கிய தடத்தைத்தான். கோயிலுக்குப் போவது கல் பாவிய பாதை. கோடையில் குதிரையே போகும். குளிரில் அந்தக் கல்லின் மேல் மிதிபட்ட பனி இறுகி ஐஸ் பாளமாகக் கிடக்கிறது. வழிகாட்டி தடத்தை விட்டு ஓரத்தில், யாரும் மிதிக்காத பனியிலேயே கூட்டிப் போனான்.

மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்ததும் கதை மாறியது. காற்று முகத்தில் அறைந்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், காது மடலில் புரிந்தது. அங்கே பாதை ஒரு சரிவைக் குறுக்காகக் கடக்கிறது. பனி நிரம்பியதால் பாதை என்று ஒன்றே தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சாய்வு, வீட்டுக் கூரை மாதிரி. நடுவில் ஒரு பாதம் வைக்கிற அளவுக்குத் தடம்.

பாதிதூரத்தில் பையனின் கயிறு தளர்ந்தது. நான் பார்க்கவில்லை, செல்போனில் கோயில் பக்கம் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். "அப்பா" என்ற சத்தம்தான் கேட்டது. திரும்பினால் அவன் இருந்த இடத்தில் அவன் இல்லை. இருபது அடி கீழே, பனிக்கு மேல் தலை நீட்டியிருந்த ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கழன்ற முள்சங்கிலி சரிந்து இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. அது நின்ற இடம் எனக்குத் தெரியவில்லை.

வழிகாட்டி குதிகாலால் படி வெட்டி வெட்டி இறங்கி அவனை மேலே கொண்டுவரப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அடி எதுவும் இல்லை. கையுறை நனைந்து விரல் மட்டும் மரத்துப் போயிருந்தது. பின்னால் வந்த கோஷ்டி ஒன்று, "இன்னும் அரை மணி நேரம்தான், வாங்க" என்றது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அலுவலகத்தில் அந்தப் பத்து பேர். பாக்கெட்டில் இருந்த திருநீறு. "மெதுவாகப் போயிடலாமா?" என்று வாயெடுத்தேன். மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"என்னங்க, அவன் காலப் பாருங்க."

ஒரு காலில் முள், ஒரு காலில் வெறும் ஷூ. திரும்பினோம். சறுக்கியபோது அழாத பையன் திரும்பும்போது அழுதான். காட்டுக்குள் வரும்வரை என்னோடு பேசவில்லை.

குழந்தைகளோடு பனிமலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. அளவான முள்சங்கிலி கிடைக்காவிட்டால் காட்டு எல்லையோடு திரும்பிவிடுங்கள். கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி எடுங்கள். ஏறுவதை விட இறங்குவது கஷ்டம், அதற்கு நேரமும் தெம்பும் மிச்சம் வையுங்கள். வெயில் சாய்ந்தால் உருகியதெல்லாம் மறுபடி பாலாவாகும், அதற்குள் வண்டிக்கு வந்துவிடுங்கள். விடியுமுன்னே மலைரோட்டில் வண்டி ஓட்டாதீர்கள். முக்கியமாக, போகுமுன் யாரிடமும் பெருமையடிக்காதீர்கள் :-)

மறுநாள் திரும்பும்போது வழிகாட்டிதான் சொன்னான், குளிர்காலத்தில் துங்கநாதர் மேலே இருப்பதில்லை, நடை சாத்தியதும் உற்சவரை டோலியில் வைத்து மக்குமட் கிராமத்துக்குத் தூக்கி வந்துவிடுவார்கள், கோடையில்தான் திரும்பப் போவார் என்று. ஊருக்குப் பெயரே மக்கு. பலகையைப் பார்த்துப் பையன் என்னைப் பார்த்தான். முதல் தடவையாகச் சிரித்தான். அங்கே கோயிலில் பூசாரியிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். சறுக்கியதைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன். மேலே போக முடியலம்மா, மன்னிச்சிரு என்றேன்.

"ஏல, கோட்டிக்காரா," என்றாள். "சாமியே குளிருக்குப் பயந்து கீழ வந்து உக்காந்திருக்காரு. உன்னை எவன் மேல போகச் சொன்னான்? பிள்ளைகிட்ட போனக் கொடு."