இளைத்தவளுக்கு எள்ளு

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். பழமொழியிலும் சாப்பிடுகிறவன் ஆண்தான். எள்ளைக் களைந்து, வறுத்து, இடித்து, உருண்டை பிடிக்கிறவள் அதில் வருவதே இல்லை.

செம்பரம்பாக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து நான்கு பெண்கள் இருக்கிறோம். எல்லோருக்கும் ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலை. போன வருடம் எங்களில் ஒருத்தி லைனில் நின்றபடியே மயங்கி விழுந்தாள். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். "ஒழுங்கா சாப்பிடும்மா. எள்ளு, பூசணி விதை, ஆளி விதை எல்லாம் சேத்துக்கோ" என்று சொல்லி அனுப்பினார்கள்.

விதைகள் நல்லவைதான். 100 கிராம் எள்ளில் சுமார் 14 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. தோல் நீக்காத எள் என்றால் கால்சியமும் நிறைய. பூசணி விதையில் மக்னீசியமும் துத்தநாகமும் உண்டு. ஆளி விதையில் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. ஆனால் பொடித்துச் சாப்பிட வேண்டும், முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐ.சி.எம்.ஆர். 2020-இல் பரிந்துரைத்தபடி ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும். மாதவிடாய் வருகிற பெண்ணுக்கு 29 வேண்டும். 10 கிராம் எள் சேர்ந்த ஓர் உருண்டையில் கிடைப்பது ஒன்றரை மில்லிகிராம்கூட இல்லை. எள்ளில் உள்ள ஃபைட்டேட் அதிலும் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டோடு டீ குடித்தால் இன்னும் குறையும். நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் கூடும். அரை மணி இடைவேளையில் வரிசையில் நின்று, சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, கையோடு டீயையும் குடித்துவிட்டு ஓடுகிறவளுக்கு நெல்லிக்காய் எங்கே கிடைக்கும்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தந்த இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட்ட பிறகுதான் அவளுக்கு ரத்தம் ஏறியது.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருக்கும் நோயை ஒருத்தியின் அலட்சியம் என்று எப்படிச் சொல்வது?

வயதுக்கு வந்தபோது எங்கள் நால்வருக்கும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் எள்ளுருண்டையும் ஊட்டினார்கள். பிள்ளை பெறப்போகும் இடுப்புக்கு வலு வேண்டுமாம். சில வாரங்களில் அது நின்றது. பிறகு எல்லோரும் சாப்பிட்ட மிச்சம்தான். இப்போது 'விதைச் சுழற்சி' என்று மாதவிடாயின் முதல் பாதிக்கு இரண்டு விதை, அடுத்த பாதிக்கு இரண்டு விதை எனப் பாக்கெட் விற்கிறார்கள். ஹார்மோன் சீராகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அன்றும் இன்றும் அக்கறையெல்லாம் கருப்பையின் மேல்தான். எட்டு மணி நேரம் நிற்கும் கால்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதிச் சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளிகள் மருத்துவமனைக்குப் போனார்கள். உடன் வேலை செய்தவர்கள் ஸ்ரீபெரும்புதூரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அவர்கள் யாரிடமும் சத்துக் குறிப்பு கேட்கவில்லை. சாப்பிடத் தகுந்த சோறும் தங்கத் தகுந்த இடமும் கேட்டார்கள். ரத்தசோகைக்கான மருந்துச் சீட்டில் முதல் வரியாக எழுத வேண்டியது அதுதான்.

இப்போது வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை பிடிக்கிறோம். ஊரில் இருக்கும் தம்பிக்கு, அப்பாவுக்கு என்று எடுத்துவைப்பதில்லை. பிடித்தவர்களே சாப்பிடுகிறோம்.